அடைக்கோழியின் சீதனம்

நாஞ்சில் நாட்டு வீடுகளில் அடை வைப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. பனையோலைக் கடவத்தில் உமி பரப்பி, முட்டைகளை ஒற்றைப்படையாக அடுக்கி, ஓரத்தில் ஓர் இரும்பாணியும் இரண்டு வத்தல்மிளகாயும் ஒரு கரித்துண்டும் வைப்பார் ஆச்சி. இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடக்கூடாதாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். அடுத்த ஓரிரு நாளில் தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போகும். அது கிளறும், குஞ்சு கொத்தும். அது எச்சமிடும், அதையும் குஞ்சு கொத்தும். சின்ன வயதில் இதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்.

அதே ஊருக்கு இன்னொரு வகைக் குஞ்சும் வந்து இறங்குகிறது. பல்லடம், நாமக்கல் பக்கத்துப் பொரிப்பகங்களிலிருந்து துளை போட்ட அட்டைப்பெட்டியில் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து, விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்கும் கொட்டகையில் விடியற்காலையில் இறங்கும் கறிக்கோழிக் குஞ்சு. முட்டையாக இருந்தபோதே அதற்குப் புகைமூட்டம் போட்டுக் கிருமி நீக்கியிருப்பார்கள். பொரித்தது இயந்திரம். இந்தக் குஞ்சு தாயைப் பார்த்ததில்லை. அதைவிட முக்கியம், தாயின் எச்சத்தைப் பார்த்ததில்லை.

இந்த இரண்டு குஞ்சுக்கும் உள்ள வேறுபாடு வெறும் இனவேறுபாடு அல்ல என்பதைக் கடந்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஆராய்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியிருக்கிறது. கோழியின் நோய் எதிர்ப்பு அதன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம் பாடம் படித்துத்தான் உருவாகிறது. அந்தப் பாடத்துக்குக் காலக்கெடு உண்டு. வாத்தியார் யார் என்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. எனக்குப் புரிந்தவரை, இத்துறையில் எழுதப்பட்டவற்றின் சாரம் இவ்வளவுதான். ஆனால் அதற்குள் சிக்கல் நிறைய.

கேள்வியைத் தொடங்கி வைத்தவர் பாஸ்டர். குடலில் நுண்ணுயிரே இல்லாமல் ஒரு விலங்கு வாழ முடியுமா என்று 1885இல் கேட்டார். முடியாது என்பது அவருடைய ஊகம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஷோட்டேலியஸ் கிருமியற்ற கூண்டில் கோழிக்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார். அவை மெலிந்து நொடித்தன. பாஸ்டர் சொன்னது சரியென்று தோன்றியது. 1912இல் பாரிஸில் மிஷேல் கோயந்தி அதே சோதனையைத் திறமையாகச் செய்து, குஞ்சுகள் வாழும் என்று காட்டினார். அப்படியானால் பாக்டீரியா தேவையில்லையா? பிற்காலத்தில் கிருமியற்ற கோழிகளை அறுத்துப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அவற்றின் குடல் சுவர் மெல்லிசு. அதில் படை வீரர்களைப் போலக் குவிந்திருக்க வேண்டிய வெள்ளணுக்கள் சொற்பம். குடலைக் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் மிகக் குறைவு. சண்டையே வராத கோட்டையில் சிப்பாய்க்கு என்ன வேலை!

இங்கே கோழியின் உடலமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நமக்கு இருப்பதுபோன்ற நிணநீர்க் கணுக்கள் கோழிக்குக் கிடையாது. அதன் எதிர்ப்பு அணுக்கள் குடல் நெடுகத் திட்டுத்திட்டாகவும், இரண்டு குருட்டுக்குடல்களின் கழுத்தில் தொண்டைச் சதைபோலவும் கூடியிருக்கின்றன. அந்தக் குருட்டுக்குடல்களில் ஒரு கிராம் கழிவில் பத்தாயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியா உண்டு. எல்லாவற்றையும்விட விசித்திரமான உறுப்பு எச்சத்துவாரத்துக்கு மேலே, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பை. பதுவா நகரத்து உடற்கூற்றாளர் ஃபேப்ரீசியஸ் அதைப் பற்றி எழுதியது, அவர் இறந்தபின் 1621இல் அச்சாயிற்று. சேவலின் விந்தைச் சேர்த்துவைக்கும் பை அது என்று நினைத்துவிட்டார். அதன் உண்மையான வேலை தெரிய 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தெரிய வந்ததும் தற்செயலாகத்தான். 1950களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் க்ளிக் என்ற மாணவர் அந்தப் பையை அறுத்தெடுத்த கோழிகளை வைத்திருந்தார். டிமதி சாங் என்ற சக மாணவருக்கு வகுப்பில் செய்துகாட்டக் கோழி தேவைப்பட்டது. சால்மொனெல்லாவை ஊசி போட்டு, ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஊறுவதைக் காட்ட வேண்டும். க்ளிக்கிடம் இரவல் வாங்கிய கோழிகளில் பை இல்லாதவற்றுக்குப் புரதம் ஊறவேயில்லை. வகுப்பு கெட்டது, அறிவியல் பிழைத்தது. பெரிய இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1956இல் கோழி வளர்ப்பு இதழ் ஒன்றில் அது வெளியானது. 1965இல் மாக்ஸ் கூப்பரும் சகாக்களும் அதை விரித்து, எதிர்ப்பு அணுக்களில் இரண்டு கிளை உண்டு என்று நிறுவினார்கள். இன்று மனித மருத்துவத்தில் 'பி செல்' என்று சொல்கிறோமே, அந்த 'பி' இந்தக் கோழிப்பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து.

நம் கேள்விக்கு முக்கியமான விஷயம், அந்தப் பை மூடிய அறை அல்ல என்பது. ஒரு சிறு குழாய் வழியாக அது எச்சவழியோடு திறந்திருக்கிறது. குஞ்சின் எச்சத்துவாரத்தில் ஒரு சொட்டு மை வைத்தால், அது உள்ளே உறிஞ்சப்பட்டுப் பைக்குள் போய்ச் சேர்கிறது. கோழி வாயால் மட்டுமல்ல, மறுமுனையாலும் சுற்றுப்புறத்தை ருசிபார்க்கிறது என்று சொல்லலாம். குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறதோ, கூளத்தில் என்ன கிடக்கிறதோ, அதன் மாதிரி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். குழாயைக் கட்டிவிட்டால் பையின் வளர்ச்சி குன்றுகிறது. கிருமியில்லாமல் வளர்ந்த குஞ்சுகளிலும் அது சிறுத்தே இருக்கிறது. கோழி பருவமடையும்போது பை சுருங்கி மறைகிறது. அதன்பின் புதிய பாடம் அங்கே நடக்காது.

முதல் சில நாட்களுக்குக் குஞ்சு தாயின் சேமிப்பில் வாழ்கிறது. மஞ்சள்கருவில் தாய் ஊற்றிவைத்த ஐஜிஒய் என்ற எதிர்ப்புப் புரதம், வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்ட மஞ்சள்கருப் பையிலிருந்து ரத்தத்தில் சேரும். வெள்ளைக்கருவிலிருந்தும் கொஞ்சம் ஐஜிஏ வரும். தாய்க்கு எந்த நோய் பழக்கமோ அதற்கான கவசம் மட்டும்தான் இதில் கிடைக்கும். வாரம் செல்லச் செல்ல அது கரையும். குஞ்சு தன் குடலில் தானே ஐஜிஏ சுரக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் 'முதல் பத்து நாள் தாண்டிட்டா போதும்' என்று சொல்வதற்கு அறிவியலில் இதுதான் விளக்கம்.

பாக்டீரியா அந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறது? ஒரு வழி, தன் உடலின் துண்டுகளைக் காட்டுவது. பாக்டீரியாவின் சவுக்குப்போன்ற வால், மேலுறை, டிஎன்ஏத் துணுக்கு இவற்றை அடையாளம் காணும் உணர்விகள் கோழியின் குடல் அணுக்களில் உண்டு. பாலூட்டிகளிடம் இல்லாத உணர்வியும் அவற்றில் ஒன்று. இன்னொரு வழி, தின்ற தீனியின் மிச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பொருள்கள். நார்ச்சத்து குருட்டுக்குடலில் புளித்து பியூட்டிரிக் அமிலம் ஆகிறது. குடல் சுவரின் அணுக்களுக்கு அதுவே சாப்பாடு. கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கச் சொல்லும் கட்டளையும் அதுவே. தேவையில்லாமல் கொதிக்கும் அழற்சியை அடக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. எதிர்ப்புச் சக்தி என்றாலே ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று நினைக்கிறோம். கோழிக்கு அது தீனிச் செலவு. குடல் ஓயாமல் அழன்றுகொண்டிருந்தால் தின்றது கறியாகாது. நல்ல பாக்டீரியாக் கூட்டம் எப்போது சண்டையிட வேண்டும் என்பதோடு எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதையும் கற்றுத்தருகிறது. அந்த இரண்டாவது பாடம்தான் கடினம் என்று நினைக்கிறேன்.

தாயின் எச்சம் ஒரு சொத்து என்பதை நிரூபித்தது ஃபின்லாந்து. 1971இல் அங்கே கறிக்கோழிகளில் சால்மொனெல்லா இன்ஃபான்டிஸ் பரவியது. எஸ்கோ நுர்மியும் ரான்டலாவும் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு நாள் குஞ்சைத் தொற்றவைக்கச் சில கிருமிகளே போதும். வளர்ந்த கோழிக்கு ஏராளம் தேவை. காரணம் வயதல்ல, குடியிருப்பாளர்கள் என்று ஊகித்தார்கள். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல்சாரத்தை ஒரு நாள் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். அந்தக் குஞ்சுகளைச் சால்மொனெல்லா எளிதில் தொற்ற முடியவில்லை. 1973இல் 'நேச்சர்' இதழில் வந்த இந்த வேலை, கோழி அறிவியலில் நுர்மி கொள்கை என்றே அழைக்கப்படுகிறது. பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும் பேருந்தில் புதிதாக ஏறியவனுக்கு இடம் இல்லை என்பதுதான் அதன் முதல் விளக்கம். அந்தப் பழைய குடிகள் இருக்கைகளை அடைத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, குடலின் காவல்காரர்களையும் எழுப்பிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

செக் நாட்டின் புர்னோ நகரத்து ஆய்வாளர்கள் 2019இல் இன்னும் எளிய சோதனை செய்தார்கள். இயந்திரத்தில் பொரித்த குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு ஒரே நாள் விட்டார்கள். அந்த ஒரு நாளே குருட்டுக்குடலின் குடியிருப்பை மாற்றப் போதுமானதாக இருந்தது. தாயிடமிருந்து ஒட்டிக்கொண்டவை பெரும்பாலும் பாக்டீராய்டீட்ஸ் வகை. கடையில் குப்பியில் விற்கும் லாக்டோபேசில்லஸ் வகைகளோ ஊட்டினால் வந்துபோகின்றன, தங்குவது அரிது. 'புரோபயாடிக்' என்ற சொல்லை அட்டையில் பார்த்ததும் நம்பிவிடும் பண்ணைக்காரர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வந்துபோகிற விருந்தாளியாலும் பயன் உண்டு. ஆனால் விருந்தாளியைக் குடும்பத்தலைவர் என்று சொல்லி விற்கக்கூடாது.

இதற்கு நேர் எதிரான பாதையில் உலகம் 60 ஆண்டு நடந்தது. 1948இல் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், வைட்டமின் பி12 தேடி, ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டார். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை கூடின. அன்றிலிருந்து ஆன்டிபயாடிக் தீனியில் ஓர் உப்புபோல ஆகிவிட்டது. 1963இல் இங்கிலாந்தில் மேரி கோட்ஸும் சகாக்களும் பென்சிலினைக் கிருமியற்ற குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை கூடவில்லை. மருந்து வேலை செய்தது கோழியின் மேல் நேரடியாக அல்ல, அதன் குடியிருப்பாளர்கள் வழியாக என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இன்று பலர் தரும் விளக்கம், அந்தச் சிறுஅளவு மருந்து குடலின் அழற்சியை மந்தப்படுத்தி, எதிர்ப்புக்குப் போகும் தீனியைக் கறிக்குத் திருப்பியது என்பது.

விலை பிறகு தெரிந்தது. முதல் நாளில் கொடுத்த ஆன்டிபயாடிக் இரண்டு வாரம் கழித்தும் குடலின் எதிர்ப்பு மரபணுக்களின் செயல்பாட்டில் தடம் விட்டிருந்ததை நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில், மருந்தால் குடல் பாக்டீரியாவை அழித்த கோழிகளுக்கு எச்9என்2 காய்ச்சல் வைரஸ் கொடுத்தபோது, அவை அதிக வைரஸை வெளியேற்றின; எதிர்ப்பின் முதல் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் மங்கியிருந்தது. மனிதருக்கான விலை இன்னும் பெரிது. ஸ்வீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை நிறுத்தின. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்தது. கடைசிப் புகலிடமான ஆன்டிபயாடிக் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது.

இதுவரை படித்தால் குடல் பாக்டீரியா தெய்வம் என்று தோன்றும். அப்படியில்லை. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா டெனெல்லா என்ற ஒட்டுண்ணி, கிருமியற்ற குஞ்சின் குருட்டுக்குடலில் நுழைந்தால் சேதம் குறைவாகவே இருக்கிறது. வான்கோழிகளின் கருந்தலை நோயும் அப்படித்தான். உள்ளூர் பாக்டீரியா கைகொடுக்காமல் அந்த நோய் முழு உருவம் எடுப்பதில்லை. திருடனுக்குக் கதவு திறந்துவிடும் வீட்டு வேலைக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலான கோழிகளின் குடலில் சாதுவாகக் குடியிருக்கும். ஐமீரியா குடல் சுவரைக் கிழித்தால், அல்லது தீனியில் மீன்தூள் அதிகமானால், அதுவே குடல் அழுகல் நோயாக மாறும். குமரி மாவட்டத்துக்கு இது தனிக்கவலை. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமழை பெய்கிற ஊர். ஆழ்கூளம் ஈரமானால் ஐமீரியாவின் முட்டைகள் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். தேங்காய் நார்த்தூளைக் கூளமாகப் போடுகிறவர்கள் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதை மறக்கக்கூடாது. மழைக்காலத்தில் கூளத்தைக் கிளறிவிடுவது, எந்தப் புட்டி மருந்தையும்விடக் குடலுக்கு நல்லது.

தாய்க்கோழியின் சீதனத்துக்கும் எல்லை உண்டு. அது இருந்தால் போதுமென்றால், குப்பைமேட்டில் வளர்ந்த நாட்டுக்கோழி வெள்ளைக் கழிச்சலில் சாகக்கூடாது. ஆனால் சாகிறது, தெருவோடு சாகிறது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்த நோய், அடுத்த ஆண்டே குமாவோன் மலையின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு, அந்தப் பெயரே இந்தியாவில் நிலைத்தது. பரம்பரையான பாக்டீரியாக்கள் இந்த வைரஸுக்கு எதிராகத் தனியே கவசம் ஆகா. தடுப்பூசி வேண்டும். ராணிப்பேட்டையில் தயாராகும் மருந்தும், தமிழக அரசின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் அதற்குத்தான். சொந்தமாக நான்கு கோழி வைத்திருப்பவருக்குக் குளிர்பெட்டியும் ஊசியும் எட்டாது என்பதால், தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. அது நம் பொருளுக்கு நெருக்கமானது. வாய்வழி மருந்து குடலின் எதிர்ப்பைத்தான் எழுப்ப வேண்டும். அப்படியானால் குடலின் குடியிருப்பு எப்படி இருக்கிறது என்பதும் மருந்தின் விளைவில் ஒரு பங்கு வகிக்கும். கம்போரோ நோய் இதற்கு நேர்மாறு. 1957இல் அமெரிக்காவின் டெலவேரில் கம்போரோ என்ற ஊரில் முதலில் தென்பட்ட அந்த வைரஸ், ஃபேப்ரீசியஸ் பையையே தின்றுவிடும். மூன்றாவது வாரத்தில் அது வந்தால், பிழைத்த கோழிக்கு ராணிக்கெட் ஊசி போட்டும் பயனில்லாமல் போகலாம். பள்ளிக்கூடம் எரிந்தபின் பாடநூல் வாங்கிக் கொடுப்பதுபோல.

இனி நம் ஊர்த் தீனி. ஜாவாவில் ஐக்மன் என்ற மருத்துவர் 1890களில் கோழிகளின் கால் முடக்கத்துக்குக் கிருமி தேடினார்; கிடைத்தது தவிடு. தீட்டிய அரிசி தின்ற கோழி முடங்கியது, தவிடு தின்றது நடந்தது. நோபல் பரிசு வரை போன தவிடு அது. நூறாண்டு கழித்து தவிடு மறுபடி கிருமிக் கதைக்குள் வந்திருக்கிறது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கோழியின் குருட்டுக்குடல் சாரத்தைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து, வெவ்வேறு நெல் ரகங்களின் தவிட்டைச் சேர்த்துச் சால்மொனெல்லாவை விட்டார்கள். ஒரு ரகத் தவிடு அதை அடக்கியது, இன்னொன்று அந்த அளவுக்கு அடக்கவில்லை. குடுவையில் நடந்தது கோழிக்குள் நடக்கும் என்று உறுதியில்லை. ஆனாலும் திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டத்தில், நம் ரகங்களின் தவிட்டை இந்தக் கண்ணால் யாரும் பார்க்காமல் இருக்கக்கூடாது.

தேங்காய்ப் பிண்ணாக்கு இன்னும் சுவையான பொருள். அதன் நார்ச்சத்தில் பெரும்பகுதி மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலி. அப்படியே போட்டால் குஞ்சுக்குச் செரிக்காது. நொதியால் துண்டாக்கினால் கதை மாறுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்படிச் சிதைத்த கொப்பரைப் பிண்ணாக்கைக் கறிக்கோழிக்குக் கொடுத்தபோது குருட்டுக்குடலில் நல்ல பாக்டீரியா கூடியது. அந்தச் சிறு சர்க்கரைத் துண்டுகளை உண்ட குஞ்சுகளில் சால்மொனெல்லா குறைந்து ஐஜிஏ கூடியதை 2007இல் வந்த ஆய்வு காட்டியது. செக்காலைகளில் மூட்டைமூட்டையாகக் கிடக்கும் சரக்கு இது. ஆனால் மழைக்காலத்தில் நனைந்த பிண்ணாக்கில் பச்சைப்பூசணம் பூத்தால் அஃப்ளாடாக்சின் ஊறும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த இதே நஞ்சுதான். கொல்லாத அளவில் இருந்தாலும் அது எதிர்ப்புச் சக்தியைத் தின்னும், ஊசி பலிக்காது. பூத்த பிண்ணாக்கை 'கோழிக்குத்தானே' என்று போடும் பழக்கம் போக வேண்டும்.

கீழாநெல்லியும் மஞ்சளும் சின்ன உள்ளியும் அரைத்து உருட்டிக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. குடலின் குடிகளை அவை மாற்றலாம். சோதித்துப் பார்க்கத் தகுந்தவை. ஊசிக்குப் பதிலாக அவற்றைச் சொல்கிறவர்களிடம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

எல்லைக்கு அப்பால் ஆலப்புழையில் 2014இலும் 2021இலும் 2024இலும் பறவைக்காய்ச்சல் வந்தபோது, களியக்காவிளைச் சோதனைச்சாவடி ஒவ்வொரு முறையும் பேச்சுக்கு வந்தது. அந்த எச்5 வைரஸுக்கு முன் எந்தக் குடல் பாக்டீரியாவும் நிற்காது. கெல்ஃப் ஆய்வை எடுத்துக்கொண்டு 'மோர் கொடுத்தால் பறவைக்காய்ச்சல் வராது' என்று யாராவது கைப்பேசியில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அது வேறு வைரஸ், வேறு தீவிரம்.

இன்றும் உள்நாட்டுக் கிராமங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பொரிப்பகத்திலிருந்து வாங்கிய பத்து இருபது குஞ்சுகளை, அடையில் கிடக்கும் கோழிக்கு அடியில் ராத்திரியில் மெல்லத் தள்ளிவிடுவார்கள். பகலில் வைத்தால் கொத்தும். இருட்டில் வைத்தால் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும். சூடு கிடைக்கும், கரண்ட் மிச்சம் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். புர்னோ ஆய்வகத்தில் செய்த சோதனையும் ஏறத்தாழ இதே. அந்தக் கோழியிடம் பேனும் ஐமீரியாவும் இருந்தால் அவையும் சேர்ந்தே குஞ்சுக்குப் போகும். ஆகவே இரவல் தாயை முன்கூட்டியே பூச்சிமருந்து கொடுத்துச் சோதித்து, ஊசி போட்டு வைத்திருக்க வேண்டும். விடிந்ததும் அவள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போவாள். எச்சத்தைக் கொத்தும் குஞ்சை இப்போது யாரும் விரட்ட வேண்டாம்.